தோல் போனால் மூங்கில், மூங்கிலுக்குப் பிறகு தகரம்

திருவாரூர்க்காரனுக்குத் தேர் இழுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே வடம் பிடித்த கை எனக்கு. ஆனால் பின்னால் நின்று தோள் கொடுத்துத் தள்ளிய தேர் என்று ஒன்று உண்டென்றால் அது கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவில்தான். 2018 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை ராத்திரி, போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் குயின்ஸ் பார்க் சவான்னா என்ற பெரிய மைதானத்தில். தேர் என்று சொல்வது நான். அங்கே அதற்கு ரேக் என்று பேர். இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சேர்த்த சட்டம், அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள், மேலே ஒரு கூரை, உள்ளே தொங்கும் ஸ்டீல்பான்கள், அதாவது எண்ணெய்ப் பீப்பாயை அடித்துச் சுரம் வரவைத்த வாத்தியங்கள். கார்னிவல் திருவிழாவில் நடக்கும் பனோரமா என்கிற ஸ்டீல்பான் போட்டிக்கு ஒவ்வொரு குழுவும் இப்படிப் பல ரேக்குகளை மேடைவரை கொண்டுபோக வேண்டும், அதைத் தள்ளுவது அந்தந்தத் தெருக்காரர்கள். என் இடப்பக்கம் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். வலப்பக்கம் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், அவள் ஒற்றைக் கையால் தள்ளினாள். முன்னால் யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் ஒரு மூச்சில் அழுத்த, சக்கரம் மண்ணில் ஒரு தடவை முனகிவிட்டு நகர்ந்தது. கை வைத்திருந்த குழாயில் உள்ளே யாரோ மெதுவாகத் தட்டிப் பார்க்கும் பாஸ் பானின் அதிர்வு ஓடியது. தேர் அசையும்போது வடத்தில் வருமே ஒரு துடிப்பு, அதேதான்.

கார்னிவல் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது வாட்ஸ்அப்பில் வரும் முப்பது விநாடி வீடியோ. இறகு, மணி, பிகினி, ஆட்டம். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா கேட்டார், “அஞ்சாறு வருஷம் அங்க இருந்தியே, இதுதானாடா அவங்க திருவிழா?” அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

கார்னிவல் நாள் என்று கணக்கில் வருவது திங்களும் செவ்வாயும். மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலம் ஆரம்பம். வேளாங்கண்ணிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈஸ்டரை வைத்துக் கணக்கு என்பதால் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், 2018இல் பிப்ரவரி 12, 13 என்றால் 2019இல் மார்ச் 4, 5. ஆனால் சித்தப்பாவை நான் அங்கே கூட்டிப்போவதானால் திங்கட்கிழமைக்குக் கூட்டிப்போக மாட்டேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, விடியுமுன் நாலு மணிக்கு, நகரத்தின் கிழக்கே பிக்கடிலி கிரீன்ஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போவேன்.

அங்கே அந்த நேரத்தில் ஒரு கலகத்தை மறுபடி நடித்துக்காட்டுகிறார்கள். இருட்டில் தீப்பந்தங்கள், நீளப் பாவாடை கட்டி இடுப்பில் கைவைத்துப் பாடும் பெண்கள், கையில் கம்போடு ஆண்கள், எதிரே பழைய காலத்துப் போலீஸ் உடையில் ஒரு படை. பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக் கூட்டிவந்திருக்கிறார்கள். பாட்டு ஏற ஏறக் கம்புகள் தரையில் இடிக்கின்றன, போலீஸ் முன்னேறுகிறது, கூட்டம் பின்வாங்காமல் நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கதை பாதிதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்கார அம்மாதான் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டாண்டி’. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கதை இதுதான். 1783இல் ஸ்பெயின் அரசு அந்தத் தீவில் ஆட்களைக் குடியேற்ற ஒரு ஆணை போட்டது. பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு வந்து சேர்ந்தார்கள். தவக்காலத்துக்கு முன் முகமூடி போட்டு விருந்தும் நடனமும் நடத்துவது அவர்கள் பழக்கம். 1797இல் தீவு பிரிட்டிஷ்காரர் கைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. அந்த விருந்தில் அடிமைகளுக்கு இடம் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்த ‘ஊர்வலம்’ வேறு. கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால், ராத்திரி எந்த நேரமானாலும் கொம்பு ஊதி, சாட்டை வீசி, தீப்பந்தத்தோடு பக்கத்துத் தோட்டத்து அடிமைகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து வேலை வாங்குவார்கள். எரிந்த கரும்பு, பிரெஞ்சில் ‘கான் ப்ரூலே’. 1834 ஆகஸ்ட் 1இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் எதைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? அதே தீப்பந்த ஊர்வலத்தை. தங்களை விரட்டிய சங்கிலி, சாட்டை, பந்தம் எல்லாவற்றையும் தாங்களே கையில் எடுத்து, மேளத்தோடு தெருவில் நடந்தார்கள். கேன்பூலே என்று அதற்குப் பேர் ஆனது. கொஞ்ச காலத்தில் அது கார்னிவல் நாளுக்கு நகர்ந்து, முதலாளி வீட்டு விருந்து உள்ளே ஒடுங்க, தெரு இவர்கள் கைக்கு வந்தது.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

வெள்ளை அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சேரிக்காரர்கள், ஒழுக்கம் கெட்ட பெண்கள் என்று அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் கரித்துக்கொட்டின. 1880இல் போலீஸ் கேப்டன் பேக்கர் என்பவர் பந்தம், கம்பு, மேளம் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார், எதிர்பாராமல் வந்ததால் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 1881இல் மறுபடி வந்தார். இந்த முறை தயாராக இருந்தார்கள். தெருவிளக்குகளை உடைத்து, தங்களுக்குள் பகையாக இருந்த குழுக்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போலீஸை எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய முக்கிய ஆயுதம் கம்பு. கலிண்டா என்ற அந்தக் கம்புச் சண்டையைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். வட்டமான களம், மேளக்காரர்கள், பாட்டெடுத்துக் கொடுக்கும் ஒருவர், நடுவில் இருவர். சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கால் வைக்கும் விதத்திலேயே ஒரு நெருக்கம் தெரியும். அந்தப் பாட்டெடுத்துக் கொடுப்பவருக்கு ‘சாண்ட்வெல்’ என்று பேர், பின்னால் வந்த கலிப்ஸோ என்ற நையாண்டிப் பாட்டுப் பாடகர்களுக்கு அவர்தான் முன்னோடி என்கிறார்கள். அரசாங்கத்தையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் மேடையில் நின்று நாலு வரியில் கிழிக்கும் துணிச்சல் அங்கிருந்து வந்தது.

1884இல் சட்டம் வந்தது. பந்தம் கூடாது, கூட்டமாகக் கம்பு கூடாது, மேளத்துக்கும் தடை.

தோல் கட்டிய மேளத்தைப் பிடுங்கிவிட்டால் தாளம் நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். இவர்கள் மூங்கில் வெட்டினார்கள். ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் தடித்த மூங்கிலைத் தரையில் இடித்தால் ‘பூம்’, அது பாஸ். இரண்டு குட்டை மூங்கிலை முனையோடு முனை தட்டினால் நடுத்தரச் சத்தம். மெல்லிசான மூங்கிலைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் கீச்சென்ற வெட்டுத் தாளம். டாம்பு பாம்பு என்று இந்தக் குழுக்களுக்குப் பேர். ஐம்பது வருஷத்துக்கு மேல் கார்னிவலை மூங்கிலே தாங்கியது. ஆனால் மூங்கில் இடிக்க இடிக்கப் பிளந்துபோகும். 1930களின் கடைசியில் இளவட்டங்கள் பிஸ்கட் டின், பெயின்ட் டின், குப்பைத் தொட்டி, வண்டியின் பிரேக் டிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டித் தட்டி ஒடுங்கிய இடத்தில் சுரம் மாறுவதை யாரோ காதில் வாங்கினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர், தீவில் அமெரிக்கப் படைத்தளங்கள், எண்ணெய் வந்த 55 காலன் பீப்பாய்கள். வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன், எல்லி மேனெட், ஆண்டனி வில்லியம்ஸ் என்று சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் அந்தப் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் அடித்துக் குழிவாக்கி, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சுரம் வரவைத்தார்கள். எந்த இசைக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு ஒரு குழு இதை எடுத்துக்கொண்டு போனது, தகர பீப்பாயிலிருந்து இந்தச் சத்தமா என்று கேட்டவர்கள் நம்பவில்லை.

அதே காலத்தில் உள்ளூரில், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஸ்டீல்பான் பயிற்சி நடக்கும் பான் யார்டு பக்கம் போனால் வீட்டில் அடி விழும். ரவுடிகளின் வேலை என்று பேர். டாண்டியின் அண்ணன் பத்து வயதில் ஒளிந்து ஒளிந்து போய் வாசித்தாராம், அப்பா கண்டுபிடித்துக் குச்சியை அடுப்பில் போட்டாராம். டெல்டாக்காரன் நான், பறையடித்தவர்களை ஊர் எங்கே நிறுத்திவைத்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன். டாண்டி அதைச் சொன்னபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1992இல் ஸ்டீல்பானை நாட்டின் தேசிய இசைக்கருவி என்று அறிவித்தார்கள். 2025இல் அந்த நாட்டின் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பானை வைக்கச் சட்டம் போட்டார்கள். அப்போது நான் இந்தியா திரும்பிவிட்டேன். செய்தியைப் பார்த்ததும் டாண்டிக்குப் போன் போட்டேன், அவர் முதலில் பேசியது அந்த அண்ணனைப் பற்றித்தான்.

பான் யார்டு என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. திறந்த வெளி, ஒரு பக்கம் தகரக் கூரை, நாலு டியூப் லைட். ஜனவரி பிறந்துவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே கூட்டம் சேரும். பெரிய குழு என்றால் 120 பேர்வரை. வங்கி ஊழியர், டாக்சி டிரைவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், விடுமுறை எடுத்துக்கொண்டு டொரன்டோவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் உண்டு. எட்டு நிமிஷத்துப் பாட்டு ஒன்று, ஆனால் பெரும்பாலோர் கையில் தாள் கிடையாது, நோட்டேஷன் கிடையாது. பாட்டைக் குழுவுக்கு ஏற்ப அமைத்துத் தரும் அரேஞ்சர் ஒரு வரியைப் பாடிக்காட்டுவார் அல்லது பானில் தட்டிக்காட்டுவார், அந்தப் பிரிவின் தலைவர் திருப்பித் தட்டுவார், பிறகு பத்துப் பேர், இருபது பேர், முழுக் குழு. நம் ஊரில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நாகஸ்வரம் கற்றுக்கொள்வதுபோல வாயும் காதும்தான் பாடம்.

முதல் வருஷம் வேலை முடிந்து தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். டெனர் பான் வாசித்த ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும். டெனர் என்று பேர் இருந்தாலும் அதுதான் இருப்பதிலேயே உச்சக் குரல் உள்ள பான். ஒரு வேகமான இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே இடத்தில் தடுக்குவான். அரேஞ்சர் கத்தவில்லை, நிறுத்தினார், அந்த நாலு சுரத்தை மட்டும் மெதுவாகத் தட்டச் சொன்னார். பையன் தட்டினான். குச்சி முனையில் சுற்றியிருந்த ரப்பர் கழன்று கழன்று வந்தது, அதுதான் அவனைத் தடுக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை எடுத்து, பல்லால் இழுத்துப் பிடித்து, இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். மறுபடி தட்டினான். சுத்தமாக இறங்கியது. 120 பேரும் பானின் விளிம்பில் குச்சியால் தட்டிக் கைதட்டுகிற மாதிரி சத்தம் எழுப்பினார்கள். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அந்த நாலு சுரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். இப்படி ஒன்றரை மாசம். அதற்குப் பிறகுதான் அந்த எட்டு நிமிஷம், நான் ரேக் தள்ளிய அந்த ராத்திரி. பனோரமா 1963இலிருந்து நடக்கிறது. அந்த வருஷம் எங்கள் குழு ஜெயிக்கவில்லை. மறுநாள் யார்டில் சமையல் நடந்தது, எல்லோரும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் ஜூவே. பிரெஞ்சில் ‘நாள் திறக்கிறது’ என்ற சொல் தேய்ந்து ஜூவே ஆகிவிட்டது. நாலு மணிக்குத் தெருவில் இறங்கினால் யார் எவர் என்று தெரியாது. சேறு, கருப்பு எண்ணெய், பெயின்ட், சாக்லேட் குழம்பு, ஏதாவது ஒன்று உடம்பெல்லாம். லாரியின் பின்னால் ஒரு பீப்பாய் சேறு இருக்கும், எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டியது. என் அலுவலகத்து மேலாளர் ஒருவர், கோட்டில்லாமல் நான் பார்த்தே இராதவர், இரண்டு கையிலும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து, “மே ஐ?” என்று கேட்டு, நான் தலையாட்டியதும் என் கன்னத்தில் பூசினார். சேறு குளிர்ந்திருந்தது, கொஞ்சம் மணலாக இருந்தது. அதன் பிறகு ஆறு மணி நேரம் அவரும் நானும் ஒரே நிறம். மேலே வெளிச்சம் வரவர, முன்னால் போகும் முதுகுகளில் சேறு காய்ந்து வெடித்து, வயல் வறண்ட மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது.

ஜூவேயில் பழைய வேஷங்கள் வரும். டிரினிடாடில் வேஷம் கட்டுவதற்கு ‘மாஸ் விளையாடுவது’ என்று பேர், மாஸ்கரேட் என்பதன் சுருக்கம். உடம்பில் வெல்லப்பாகும் கரியும் பூசிய ஜாப் மொலாசி ஒரு பிசாசு. சர்க்கரை ஆலையின் பாகில் வேகவைக்கப்பட்ட அடிமையின் ஆவி என்று அதற்குக் கதை சொல்கிறார்கள். பரமின் மலைக் கிராமத்தில் அதே பிசாசு நீல நிறத்தில் வரும், நெருப்பு ஊதும், காசு கேட்டு வழி மறிக்கும், பிள்ளைகள் தகர டின்னை அடித்துக்கொண்டே பின்னால் ஓடிவருவார்கள். மிட்நைட் ராபர் என்று ஒருவர், குடை அகலத் தொப்பி, கருப்பு அங்கி, வாயில் விசில். நம்மை நிறுத்தி, தான் பிறந்தபோது சூரியன் எப்படிப் பயந்து ஒளிந்தது என்று ஆரம்பித்து அடுக்குமொழியில் ஐந்து நிமிஷம் மிரட்டுவார், காசு கொடுத்தால்தான் விடுவார். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் தன் பராக்கிரமத்தைத் தானே சொல்லிக்கொண்டு நுழைவாரே, அந்த மிடுக்கு. மோகோ ஜம்பி என்பது ஆப்பிரிக்காவிலிருந்து கடலில் நடந்தே வந்ததாகச் சொல்லப்படும் நெட்டைக் காவல் ஆவி, மரக்கால் கட்டிய ஆட்டம். கழுதை உடம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடும் புரோக்கீட்டை முதன்முதலில் பார்த்தபோது “ஐயோ, பொய்க்கால் குதிரை!” என்று சத்தம் போட்டுவிட்டேன், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டேம் லொரேன் என்றால் பெருத்த மார்பும் இடுப்பும் வைத்துக் கட்டிய பிரெஞ்சு எஜமானி அம்மாள், முதலாளி வீட்டு நடையை முதலாளிக்கே காட்டிய வேஷம். ஒவ்வொரு வேஷத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

நம் ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1845 மே 30இல் முதல் கப்பல், 1917வரை கூலி ஒப்பந்தத்தில் 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர்கள், ஒரு சிறு பங்கு சென்னையில் ஏறியவர்கள். குனுப்பியா பக்கத்தில் ‘மெட்ராஸ் செட்டில்மென்ட்’ என்றே ஒரு ஊர் இருக்கிறது. தமிழ் பேசுகிறவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காளி கோயில் ஒன்றில் தட்டையான ஒரு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். “டாப்பு” என்றார் அந்த இளைஞர். தப்பு! தாய்மொழி முழுசும் போய், தோலும் அதன் பேரும் மட்டும் நின்றிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவரிடம் காரணம் சொல்ல வார்த்தை வரவில்லை.

மேளத்துக்குத் தடை வந்த அதே 1884இல், அக்டோபர் 30 அன்று, சான் பெர்னாண்டோ நகருக்குள் முஹர்ரம் ஊர்வலம் கொண்டுபோகக் கூடாது என்ற ஆணையை மீறி நடந்த இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். ஹோசே என்று அந்த ஊர்வலத்துக்குப் பேர், முஸ்லிம்களோடு இந்துக்களும் கருப்பின மக்களும் அதில் நடந்தார்கள். கார்னிவல் கதையில் இதைச் சேர்க்காமல் விட என்னால் முடியாது, ஏனென்றால் தெருவில் நடந்து போவதற்கே அந்தத் தீவில் இரண்டு சனமும் உயிர் கொடுத்திருக்கிறது. அந்த ஹோசேயில் அடித்த டாஸா மேளத்தை இன்றைக்குக் கார்னிவலிலும் கேட்கலாம். 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற கருப்பினக் கலைஞர் டோலக் தாளத்தைக் கலிப்ஸோவோடு சேர்த்து உருவாக்கியதுதான் சோகா என்ற துள்ளல் இசை. 1980களில் துருபதி ராம்கூனை என்ற பெண் அங்கத்து இந்தியர்களின் ‘சட்னி’ பாட்டையும் சோகாவையும் சேர்த்து மேடையில் பாடியபோது இந்தியப் பெரியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1996இலிருந்து அதற்கென்றே தனிப் போட்டி நடக்கிறது, திட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சரி, சித்தப்பா கேட்ட அந்த இறகும் பிகினியும். அது திங்கள் மதியத்திலிருந்து செவ்வாய் ராத்திரிவரை நடக்கும் ‘அழகு மாஸ்’. அதில் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், இருபது வயதும் உண்டு, அறுபது வயதும் உண்டு, ஒல்லியும் உண்டு, பருமனும் உண்டு. வருஷம் முழுக்கக் கல்லாப் பெட்டியின் பின்னாலும் ஆஸ்பத்திரி வார்டிலும் நிற்கிற உடம்பு அந்த இரண்டு நாள் தனக்காக ஆடுகிறது. அதைக் கேவலமாகப் பார்க்கிற கண் 1880இலேயே இருந்த கண்தான். எனக்கு அதில் வருத்தம் வேறு. டாண்டி நாற்பது வருஷம் பெல்மாண்ட் பேட்டையில், வேஷ உடைகள் தயாராகும் மாஸ் கேம்ப்களில் தைத்தவர். அவர் காலத்தில் தெருவில் கம்பி வளைக்கிறவர் இருந்தார், இடுக்கி ஒன்றை வைத்துக்கொண்டு பத்தடி உயரச் சிறகு செய்வார். மாஸ் வடிவமைப்பாளர் பீட்டர் மின்ஷல் போன்ற மேதை அந்த மரபிலிருந்து எழுந்து 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவரை போனார். இப்போது பெரிய குழுக்களில் உடைக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல்கூட ஆகிறது, பலவும் வெளிநாட்டிலிருந்து தைத்தே வருகின்றன. குழுவைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவலாளிகள் நடக்கிறார்கள், காசு கட்டாதவன் கயிற்றுக்கு வெளியே. தெருவைப் பிடித்துத் தந்தவர்களின் பிள்ளைகள் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை டாண்டி அந்தக் கயிற்றுப் பக்கமே வர மாட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் நடக்கும் ஒரு சின்ன மாலுமி வேஷக் குழுவோடு, அவரே தைத்த வெள்ளைச் சட்டையில், பவுடரை வீசிக்கொண்டு மெதுவாக நடப்பார்.

2021இல் கொரோனாவால் கார்னிவல் இல்லை. போர் நடந்த 1942இலிருந்து 1945வரை நிறுத்தியிருந்தார்கள், போலியோ பரவிய 1972இல் மே மாதத்துக்குத் தள்ளினார்கள். இந்த முறை தள்ளவும் வழியில்லை. ஜூவே நடக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை நாலு மணிக்குப் பழக்கத்தில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. வெளியே நாய் குரைப்பு மட்டும். வாசலுக்கு வந்தால் டாண்டி ஏற்கெனவே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டிலும் விளக்கு எரிந்தது, அடுத்த வீட்டிலும். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேட்டுத் தெருவில் யாரோ ஒருவர் பாட்டிலைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தார், அந்தக் காலத்திலிருந்து வருகிற தாளம். இன்னொரு வீட்டிலிருந்து ஒரு டின். டாண்டி செருப்பைக் கழற்றி அதன் அடியால் படியில் தட்டினார். பதினைந்து நிமிஷம் இருக்கும், விடிந்ததும் ஒவ்வொன்றாக நின்றது. காதலில் தோற்ற துக்கத்துக்கு அங்கே ‘டபாங்கா’ என்று ஒரு சொல் உண்டு, கார்னிவல் முடிந்த புதன்கிழமைக்கும் அதையே சொல்வார்கள். அந்த வருஷம் கார்னிவல் வராமலே டபாங்கா.

2023இல் கார்னிவல் முழுசாகத் திரும்ப வந்தபோது நான் மறுபடி ரேக் தள்ளினேன். குச்சியில் ரப்பர் கழன்ற அந்தப் பையன் அப்போது என்னைவிட உயரம், டெனர் வரிசையில் முன்னால் நின்றான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமைக்கு டிக்கெட் போடாதீர்கள், ஒரு வாரமாவது முன்னால் போய்விடுங்கள், பான் யார்டுகளில் பயிற்சி பார்க்கப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. வெள்ளி விடியற்காலை பிக்கடிலிக்கு நாலு மணிக்கு முன்னால் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். காலையில் தெருவோரத்தில் டபிள்ஸ் சாப்பிடுங்கள். மஞ்சள் போட்டுப் பொரித்த இரண்டு மெத்து மெத்தென்ற ‘பாரா’வுக்கு நடுவில் கொண்டைக்கடலை, காரம் எவ்வளவு என்று கேட்பார்கள், ‘ஸ்லைட்’ என்றால் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். ஜூவேக்குத் தூக்கிப்போடத் துணிந்த சட்டையும் கட்டிய பழைய ஷூவும். அதற்கு முன்னால் உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், டாண்டி சொல்லித்தந்தது, இல்லாவிட்டால் சேறு லேசில் போகாது. காதின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். முதல் வருஷம் நான் மறந்துவிட்டேன். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் குறியோடு பாதிப் பேர் வேலைக்கு வந்திருந்தார்கள், அந்த மேலாளர் கோட்டு போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து கையெழுத்துக்கு ஒரு காகிதத்தை வைத்தார். என் காதுப் பின்னால் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார், தன் காதுப் பின்னால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.